இரும்பு தேடி ஓடினார்கள்

ஜூன் 3, 2024, திங்கள்

கம்பெனி பஸ் இன்றைக்கு வாலாஜாபாத்தில் நிற்காமலே போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் இடிபட்டு ஒரகடம் வந்து சேர்ந்தால் கேட்டில் செக்யூரிட்டி, "லேட் என்ட்ரி போடணும் சிஸ்டர்" என்கிறார். இவ்வளவு பெரிய கார் சீட் கம்பெனிக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். நான் வந்தேனா என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. எத்தனை மணிக்கு வந்தேன் என்பதில் எல்லோருக்கும் அக்கறை.

வீட்டில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் அமலன், "மெதுவா பேசு ஜாஸ்மின், பக்கத்து வூட்டுக்குக் கேக்குது" என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து புருஷன் பாடும் ஒரே பாட்டு. அதனால்தான் இந்த நோட்டு. இதில் எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

இன்றைய சண்டை ஷாக் பெட்டிக்காக. இதயம் நின்றுபோனவர் நெஞ்சில் ஒட்டிப் பட்டனை அமுக்கினால், ஷாக் தேவையா இல்லையா என்று அதுவே பார்த்துச் சொல்லும். இங்கிலீஷில்தான் பேசும், ஆனால் படம் போட்டிருக்கிறது, படித்தவர் படிக்காதவர் யாரும் போடலாம். நாயாய்ப் பேயாய் அலைந்து கேட்டு வாங்கினேன். வாங்கி எங்கே வைத்திருக்கிறார்கள்? ரிசப்ஷனில்! அவார்டு கோப்பைகளுக்குப் பக்கத்தில், கண்ணாடி அலமாரிக்குள். லைனில் வேலை செய்யும் ஒருவர் கார்டுக்கும் அந்த ஆபீஸ் கதவு திறக்காது. ஹெச்.ஆர். மேனேஜர் டென்னிஸிடம் போய் நின்றேன். "கஸ்டமர் விசிட் வருது மேடம், அவங்க கண்ணுல படணும்ல" என்றார்.

நல்லது. கஸ்டமருக்கு மாரடைப்பு வந்தால் பிழைத்துக்கொள்வார்.

ஜூன் 11, செவ்வாய்

முதலுதவிப் பயிற்சி நடந்ததாம். நடந்தது என்று நான் எழுதினால் பாவம் சேரும். சென்னையிலிருந்து ஒருவர், நெஞ்சை அழுத்திப் பழகுகிற பொம்மையோடு வந்தார். பத்துப் பேரை வரிசையாக உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரும் பொம்மைமேல் கை வைத்து போட்டோவுக்குச் சிரித்தார்கள். சமோசா சாப்பிட்டார்கள். தொப்பியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு லைனுக்குப் போய்விட்டார்கள். ஒருத்தராவது பொம்மையை அழுத்தினாரா? இல்லை.

ஃப்ரேம் லைன் சூப்பர்வைசர் பெருமாள்சாமிக்கும் ஒரு ஸ்டிக்கர். "ஒரு அரை மணி நேரம் லைனை நிறுத்துங்க, நானே சொல்லிக் குடுக்கறேன்" என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். "லைன நிறுத்தணும்னா நான் செத்தாத்தான் தாயி நிறுத்துவாக" என்றார். தெற்குப் பக்கத்து ஆள், எதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்.

ஜூன் 20, வியாழன்

ரத்தினம் போய்விட்டார்.

கை வலிக்கிறது. எழுத முடியவில்லை.

ஜூன் 21, வெள்ளி

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அமலன் காபி போட்டுக் கொடுத்தார்.

எழுதித் தீர்க்கிறேன்.

ரத்தினம் ஃப்ரேம் லைனில் முதல் ஸ்டேஷன். இரும்பு ஃப்ரேமைத் தூக்கி கன்வேயரில் வைக்கிற வேலை. மாலை டீ முடிந்து வந்து, இரண்டு ஃப்ரேம் வைத்தாராம், மூன்றாவதோடு கீழே விழுந்திருக்கிறார். கையும் காலும் இழுத்தது. கொர்ரு கொர்ரென்று மூச்சு விட்டுவிட்டு வந்தது. பெருமாள்சாமி ஓடி வந்து பார்த்து, "வலிப்புடா! சாவி கொண்டாங்க!" என்று கத்தியிருக்கிறார்.

அது வலிப்பு இல்லை. இதயம் நின்றுபோன ஆளுக்கு முதலில் கொஞ்ச நேரம் உடம்பு அப்படித்தான் இழுக்கும். அந்தக் கொர்ரு மூச்சும் மூச்சு இல்லை. அது ஒன்றுக்கும் உதவாது. வலிப்பாகவே இருந்தாலும் சாவி என்ன செய்யும்? வலிப்பு தன்பாட்டுக்கு நிற்கும், பேர் சாவிக்குப் போகும்.

ஆனால் லைனுக்குள் யாரிடமும் சாவி கிடையாது. சீட்டில் கீறல் விழும் என்று சாவி, மோதிரம், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் வாசல் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். சுற்றிலும் மலைபோல இரும்பு ஃப்ரேம். கம்பெனியே இரும்பில்தான் நிற்கிறது. ஆனாலும் வலிப்புக்குச் சாவிக்கொத்துதான் கொடுக்கவேண்டும் என்று ஒருவன் லாக்கருக்கு ஓடி ரத்தினத்தின் சாவியையே எடுத்திருக்கிறான். திரும்பி வரும்போது மெட்டல் டிடெக்டர் கத்தியிருக்கிறது. செக்யூரிட்டி நிறுத்தி விசாரித்திருக்கிறார். இதையெல்லாம் கேட்கும்போது சிரிப்பதா, எதையாவது எடுத்து அடிப்பதா என்று தெரியவில்லை.

என்னை யாரும் கூப்பிடவில்லை. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இரண்டாவது ஸ்டேஷனில் நிற்கும் கங்கா என் அறைக்கு ஓடி வந்தாள். எதற்கு?

"சிஸ்டர், உங்க கையில சாவிக்கொத்து கீதா? சீக்கிரம் குடுங்க!"

"எதுக்கு?"

"ரத்தினம் அண்ணன் வுயிந்துட்டாரு."

நர்ஸைக் கூப்பிட வரவில்லை. நர்ஸிடம் சாவி வாங்க வந்தாள்!

ஓடினேன். ரத்தினம் கிடக்கிறார். உதடு நீலம். வலது கைக்குள் சாவிக்கொத்து, அது நழுவாமல் இரண்டு பேர் அந்தக் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் காலைப் பிடித்திருக்கிறார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார். நெஞ்சுப் பக்கம் யாருமே இல்லை. தலைக்கு மேலே கன்வேயர் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து ஸ்டேஷன் ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே போல்ட் முடுக்குகிறார்கள். லைன் நிறுத்தும் சிவப்புப் பட்டனை சூப்பர்வைசர்தான் தொடவேண்டும். சூப்பர்வைசர் சாவியைப் பொத்திப் பிடித்திருக்கிறார்.

தள்ளிவிட்டு உட்கார்ந்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். 108க்குப் போன் போடு என்று ஒருவனிடம் கத்தினேன், ஷாக் பெட்டி எடுத்துவா என்று கங்காவிடம் கத்தினேன். கங்கா ரிசப்ஷன் கதவுவரை போய் கார்டைத் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறாள். திறக்கவில்லை. உள்ளே இருந்த பெண் டீக்குப் போயிருந்தாள். கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வெறுங்கையோடு வந்தாள்.

அழுத்தினேன். "யாராவது மாத்துங்க, கை சோருது" என்று கேட்டேன். அத்தனை பச்சை ஸ்டிக்கர் சுற்றி நின்றது. ஒன்றுகூட உட்காரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஜூன் 24, திங்கள்

மீட்டிங். பெருமாள்சாமி எழுந்து நின்று சொன்னார், "நல்லா மூச்சு விட்டுக்கிட்டு இருந்த ஆளு சார். சாவி குடுத்ததும் இழுப்புகூட நின்னுச்சு. நர்ஸம்மாதான் வரத் தாமதம்."

இழுப்பு நின்றதாம்! ஐயோ, நிற்காமல் என்ன செய்யும்?

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். டென்னிஸ், "எமோஷனல் ஆகாதீங்க மேடம், அவருக்கு ஏற்கெனவே பி.பி. இருந்திருக்கு, யாரையும் குறை சொல்ல முடியாது, பயிற்சியெல்லாம் கம்பெனி குடுத்துதான் இருக்கு" என்று முடித்துவிட்டார். எமோஷனலாம். ஒருவர் தரையில் கிடந்து செத்திருக்கிறார், நான் என்ன ஆகவேண்டும்? மரமா?

ஜூன் 26, புதன்

ரத்தினம் வீட்டுக்குப் போனேன். வல்லக்கோட்டைக்கு முன்னால் உள்ளே திரும்பும் புது நகரில், மாதா கெபிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மனைவி அன்னபுஷ்பம் பாயில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், சாவி குடுத்ததாலதான் கொஞ்ச நேரமாச்சும் உசுரு நின்னுதாமே? சூப்பர்வைசர் அண்ணன் வந்து சொன்னாரு. அவரால முடிஞ்சத செஞ்சாருன்னாரு. அப்டித்தான?"

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாய் "ஆமாங்கக்கா" என்றது.

பஸ்ஸில் வரும்போது என்மேலேயே கோபம். மீட்டிங்கில் அப்படிக் கத்தியவளுக்கு ஒரு பாயின் முன்னால் உட்கார்ந்து உண்மை சொல்ல வாய் வரவில்லை. பெருமாள்சாமியின் பொய்க்கு நானே சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ச்சே.

ஜூலை 3, புதன்

புதன்கிழமை கேன்டீனில் முட்டை. கங்கா முழு முட்டையை வாயில் போட்டுக்கொண்டு யாருக்கோ பதில் சொல்லப் போயிருக்கிறாள். தொண்டையில் அடைத்துவிட்டது. நான் இரண்டு மேஜை தள்ளி இருந்தேன். பார்த்தால், ஒருத்தி உச்சந்தலையில் தட்டுகிறாள், "யாரோ நெனைக்கிறாங்கடி" என்று சிரிக்கிறாள். இன்னொருத்தி தண்ணீர் டம்ளரை வாயில் திணிக்கிறாள். கங்காவுக்கு இருமல் வரவில்லை, சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்திருக்கிறாள். புரையேறினால் இருமுவார்கள். சத்தமே வராவிட்டால் அது வேறு. நினைப்பவர் எமனாகத்தான் இருக்கவேண்டும்.

முன்னால் குனிய வைத்து, உள்ளங்கை அடிப்பாகத்தால் இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் ஓங்கி ஐந்து முறை அடித்தேன். வரவில்லை. பின்னால் நின்று கட்டிப் பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக இழுத்துக் குத்தினேன். மூன்றாவது குத்தில் முட்டை எதிர் மேஜை சாம்பாரில் போய் விழுந்தது.

கங்கா மூச்சு வாங்கி, அழுது, அப்புறம் சொன்னாள். "இத எனக்குக் கத்துக் குடுங்க சிஸ்டர். அன்னிக்கு அமுத்துனீங்களே, அதையும். உங்களாண்ட சாவி கேட்டேன் பாருங்க, அத நெனச்சா சோறு எறங்கல."

ஜூலை 8, திங்கள்

லைனை நிறுத்த மாட்டார்களாம். சரி, போகட்டும். சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் தருகிறோம் என்று கங்காவும் இன்னும் ஆறு பெண்களும் என் அறைக்கு வந்துவிட்டார்கள். பொம்மைக்கு எங்கே போவது? கங்கா குஷன் செக்ஷனிலிருந்து ஒரு ரிஜெக்ட் ஃபோம் தூக்கி வந்தாள். அழுத்தினால் அமுங்கி முழுதாக மேலே எழும்பும் கெட்டி ஃபோம். பொம்மையைவிடத் தேவலை.

தட்டிக் கூப்பிடு. பதில் இல்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால் காத்திருக்காதே. ஒருத்தர் 108க்குப் போன், ஒருத்தர் பெட்டிக்கு, ஒருத்தர் நெஞ்சுக்கு. நெஞ்சின் நட்ட நடுவில், முழங்கை மடங்காமல், இரண்டங்குல ஆழம், வேகமாக. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுக்க மேலே வரவிடு. கை சோர்ந்தால் ஆள் மாற்று. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதே.

"எலும்பு ஒடஞ்சா?" என்றாள் ஒருத்தி. ஒடிந்தால் ஒடியட்டும், எலும்பு கூடிவிடும்.

ஜூலை 23, செவ்வாய்

ரிசப்ஷன் பெண்ணிடம் கதவைத் திறக்கச் சொல்லி, நேராகப் போய் ஷாக் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து ஃப்ரேம் லைன் தூணில் மாட்டிவிட்டேன். மத்தியானமே மெமோ. அனுமதியின்றி கம்பெனிச் சொத்தை இடம் மாற்றியதற்கு விளக்கம் வேண்டுமாம். 'ரத்தினம் இறந்ததால்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். டென்னிஸ் அதை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பெட்டியைத் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை. எடுக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.

பெண்கள் இப்போது முப்பது பேருக்கு மேல். ஆண்களும் வருகிறார்கள். பெருமாள்சாமி மட்டும் வரவில்லை. என் அறைக்கு முன்னால் போகும்போது கழுத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். அவர் லைனில் யாராவது விழுந்தால் முதல் சத்தம் அவருடையதாகத்தான் இருக்கும். அந்தச் சத்தம் மறுபடி 'சாவி' என்றால், நான் யாருக்குக் கற்றுக்கொடுத்து என்ன?

ஜூலை 29, திங்கள்

ஆடிக் கிருத்திகை. வல்லக்கோட்டைச் சாலை முழுக்கக் காவடி, பஸ் நகரவில்லை. இந்தக் கூட்டத்தில் 108 எப்படி வரும் என்று யோசித்து யோசித்துத் தலைவலி.

ஆகஸ்ட் 12, திங்கள்

ரத்தினத்துக்குப் பதில் வேலை என்று அன்னபுஷ்பத்தைச் சேர்த்திருக்கிறார்கள். ஹவுஸ்கீப்பிங், கான்ட்ராக்டில். புருஷன் விழுந்த தரையைத் துடைக்கிற வேலை. இதற்கு டென்னிஸ் நோட்டீஸ் போர்டில் ஒரு பாராட்டு வேறு ஒட்டியிருக்கிறார். கிழித்துப்போட நினைத்தேன். கங்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 14, புதன்

எப்படி எழுதுவேன் இதை.

இன்று சாப்பாட்டு நேர வகுப்பு. புது ஆட்கள் நிறைய. வழக்கம்போல ஆரம்பித்தேன். "விழுந்தவங்க கையில சாவி குடுக்கறது சுத்த மடத்தனம். சாவி தேடுற ஒவ்வொரு நிமிஷமும் அவங்க சாவுற நிமிஷம். அன்னிக்கு நம்ம லைன்ல..."

கடைசி வரிசையில் மாப்பைப் பிடித்துக்கொண்டு அன்னபுஷ்பம்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னையே பார்த்தார். மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

முட்டாள். நான் ஒரு முட்டாள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்திருக்கக் கூடாதா?

ஆகஸ்ட் 16, வெள்ளி

நேற்று சுதந்திர தினம், லீவு. நாள் முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை. இன்று காலை என் அறையைத் துடைக்க அவர்தான் வந்தார். கதவைச் சாத்தினார். துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்னாண்ட ஏன் பொய் சொன்ன சிஸ்டர்?"

"அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்து சொல்ல முடியலக்கா."

"எம்மூஞ்சி எப்டி இருந்தா உனக்கின்னா? ரெண்டு மாசமா அந்த சாவிக்கொத்த மாதா படத்தாண்ட வெச்சி மெழுவத்தி ஏத்தினு கீறேன். அவரு உசுரப் புடிச்சி வெச்ச சாவின்னு. புள்ளைங்களத் தொடக்கூட வுடல." ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். "நேரா சொல்லு. வுயிந்த ஒடனே அமுத்தியிருந்தா பொழச்சிருப்பாரா?"

"தெரியாதுக்கா. நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா பொழைக்க வழி இருந்துச்சு."

"இருந்துச்சா."

"இருந்துச்சு."

மாப்பை வாளியில் போட்டுப் பிழிந்தார். அவ்வளவு வேகமாக ஒருவர் பிழிந்து நான் பார்த்ததில்லை. "அந்தாளு எங்க வூட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டுப் போனாரு" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

அன்னபுஷ்பம் வகுப்புக்கு வந்தார். ஃபோமின் முன்னால் மண்டியிட்டு அழுத்த ஆரம்பித்தார். முழங்கை மடங்கவில்லை, ஆழம் சரி, வேகம் சரி. போதும் என்றேன், நிறுத்தவில்லை. கங்கா தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தார்.

ஆகஸ்ட் 21, புதன்

சாப்பாட்டு நேரம். நான் லைன் பக்கத்திலேயே, தூணுக்குக் கீழே ஃபோமை வைத்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அன்னபுஷ்பம் வருவதைப் பார்த்தேன். பின்னால் பெருமாள்சாமி. அவர் சட்டைக் கையைப் பிடித்து அன்னபுஷ்பம் இழுத்துக்கொண்டு வருகிறார், உண்மையாகவே.

"விடும்மா, எல்லாரும் பாக்காக" என்றார் அவர்.

"பாக்கட்டும். உக்காருங்கண்ணா."

"எனக்கெதுக்கு தாயி இதெல்லாம்? நான் அன்னைக்கு என்னால முடிஞ்சதச் செஞ்சேன். எங்க பக்கம் வலிப்புன்னா இரும்பத்தான குடுப்பாக. ஒனக்கே தெரியும்ல?"

அன்னபுஷ்பம் கையை விடவில்லை. "அவருக்கு வலிப்பில்லண்ணா. அது உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சு. அதான் சிஸ்டர் ரூம் பக்கம் மூஞ்சத் திருப்பினு போறீங்க."

நான் இவ்வளவு நாள் பெருமாள்சாமிக்காகச் சேர்த்து வைத்திருந்த சொற்களெல்லாம் தொண்டைவரை வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. அது என் சண்டையாக இல்லாமல் போய்விட்டது.

பெருமாள்சாமி தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடவினார். பச்சை ஸ்டிக்கர் வாங்கிய மனிதர். அன்னபுஷ்பம் அவர் கையைப் பிடித்து ஃபோமின் நடுவில் வைத்தார்.

"இது அவருதான்னு நெனச்சி அமுத்துங்க."

அவர் அழுத்தினார். முதலில் மெல்ல. "இன்னும் ஆழமா" என்றார் அன்னபுஷ்பம். அழுத்தினார். "வேகமா." அழுத்தினார். அவர் தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. யாரும் சிரிக்கவில்லை. கங்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நிறுத்தாதீங்க" என்றார் அன்னபுஷ்பம். அவர் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் முழங்கை மடங்கியது, மூச்சிரைத்தது, ஆழம் போதவில்லை.

"கை சோந்துட்டா ஆள் மாத்தணும்ணா" என்றார் அன்னபுஷ்பம். புடவையைச் செருகிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். "நகருங்க, நான் பாத்துக்கறேன்."